ஒரு வருஷம் வரைஞ்சு பாத்ததுல தெரிஞ்சது: மதுரைல நிழல் எங்கிட்டு இருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன சித்திரைல ஆரம்பிச்சு இந்தப் பங்குனி வரைக்கும் லீவு கிடைக்கிறப்பல்லாம் மதுரைக்குள்ளயும் சுத்துப்பட்டுலயும் போயி அந்தந்த எடத்துலயே உட்காந்து படம் வரையிறத ஒரு வேலையா வச்சிருந்தேன். போட்டோ பாத்து வரையிறது கிடையாது, வீட்டுக்கு வந்து பாக்கியை முடிக்கிறதும் கிடையாது, கண்ணு முன்னாடி என்ன தெரியுதோ அதை அங்கனயே முடிச்சுட்டு எந்திரிக்கணும். இதை உலகம் பூரா நெறய பேர் பண்றாங்க, அமெரிக்கால சியாட்டில்ல பத்திரிகைல வேலை பாத்த கேப்ரியல் கம்பனாரியோங்கிறவர் 2007ல இப்படி வரையிறவங்களை இன்டர்நெட்ல ஒண்ணு சேக்க ஆரம்பிச்சாரு, அர்பன் ஸ்கெட்சர்ஸ்னு பேரு. ஆனா நம்மூருக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல சார், ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலா போயி சிலைக்கு முன்னாடியே உட்காந்து வரைஞ்சாரே சில்பி, அவர் பண்ணதும் இதுதான். என்ன, அவருக்குக் கல் மண்டபம் இருந்துச்சு, நிழலுக்குப் பஞ்சமில்ல.

நிழல்னு ஏன் ஆரம்பிக்கிறேன்னா, கடிதமே அதைப் பத்திதான்.

ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் தேதி, எடம், மணி மூணையும் எழுதி வைப்பேன். போன வாரம் ஸ்கெட்ச் நோட்டு அத்தனையும் ஹால்ல பரப்பி வச்சு மாச வரிசைக்கு அடுக்கிப் பாத்தேன், வருஷம் எப்படிப் போச்சுன்னு ஒரு திருப்திக்குத்தான். பாத்தா கோபுரம் இருக்கு, விளக்குத்தூண் இருக்கு, வைகை இருக்கு, பூக்காரம்மா இருக்காங்க, எல்லாம் இருக்கு, ஆனா ஒண்ணுகூட அந்த எடம் நல்லா தெரியிற பக்கத்துலேர்ந்து வரைஞ்சது இல்ல. எங்க நிழல் இருந்துச்சோ, எங்க உட்காந்தா யாரும் எழுப்பி விடலயோ, அங்கேர்ந்து என்ன தெரிஞ்சதோ அதான் படமாயிருக்கு. ராயகோபுரம் படத்துல பாதியை ஒரு கடையோட தார்ப்பாய் மறைக்குது, ஏன்னா நான் உட்காந்ததே அந்தத் தார்ப்பாய்க்கு அடியிலதான். ரயில்வே ஸ்டேஷன் எதுத்தாப்ல இருக்கிற மங்கம்மா சத்திரத்தை ஓரமா நின்ன ஒரு மினி லாரி மறைவுலேர்ந்து வரைஞ்சிருக்கேன், டிரைவர் அண்ணன் சாப்பிட்டு வந்து வண்டியை எடுத்ததும் படம் அதோட நின்னுபோச்சு.

மதுரையப் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு வரி சொல்லிடுறேன், இங்க கோயிலைச் சுத்தி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதின்னு மாசப் பேர்லயே தெருவு ஒண்ணுக்கு வெளில ஒண்ணா சதுர சதுரமா போகும், கடைசில வெளி வீதி. அந்த வெளி வீதி இருக்கிற எடத்துல ஒரு காலத்துல கோட்டை மதிலும் அகழியும் இருந்துச்சு, 1840கள்ல கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடிச்சு அகழியைத் தூத்து ஊரை வெளில வளர விட்டாரு, அவர் ஞாபகமாத்தான் விளக்குத்தூண் நிக்குது. இந்தச் சதுரத் தெருக்கள்ல வரையிறவங்களுக்கு ஒரு வசதி இருக்கு. தெருவெல்லாம் கிழக்கு மேற்கா, இல்ல தெற்கு வடக்கா ஓடுறதால நிழல் எப்ப எந்தப் பக்கம் விழும்னு ஒரு வருஷம் பாத்தாலே மனப்பாடம் ஆயிரும்.

தெற்கு மாசி வீதியை எடுத்துக்கங்க. மார்கழில வரைஞ்ச படத்துல மத்தியானம் 12 மணிக்குக்கூட தெற்கு வரிசைக் கட்டடத்தோட நிழல் ரோட்டுல நல்லா அகலமா விழுந்து கிடக்கு, நானும் அந்த நிழல்லதான் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்காந்திருக்கேன், காலை நீட்டக்கூட எடம் இருந்துச்சு. அதே எடத்துல வைகாசில வரைஞ்சதைப் பாத்தா நிழலைக் காணோம். காரணம் இருக்கு. மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10 டிகிரில இருக்கு, அதனால சித்திரை பிறந்த ரெண்டு மூணு நாள்ல உச்சி வெயிலுக்கு சூரியன் நேரா நம்ம தலைக்கு மேல வந்துரும், அதுக்கப்புறம் ஆவணி பத்து தேதி வாக்குல திரும்ப இறங்குற வரைக்கும் மத்தியானத்துல சூரியன் வடக்குப் பக்கம்தான் நிக்கும். அப்ப நிழல் தெற்கால விழணும், ஆனா சூரியன் அவ்ளோ ஒசரத்துல நிக்கிறதால விழுற நிழலும் ரொம்ப நீளமா வராது, வடக்கு வரிசைக் கடைக்காரங்க வாசல்லயே முடிஞ்சிரும், அங்க பைக்கு நிறுத்தியிருப்பாங்க. இன்னொண்ணு, நம்மூர்ல உச்சி வெயில் சரியா 12 மணிக்கு இல்ல, பெரும்பாலும் 12:15 வாக்குலதான். இந்தியா பூராவுக்கும் ஒரே மணி, அந்த மணியைக் கணக்குப் பண்ற தீர்க்க ரேகைக்கு நம்ம மேற்கால தள்ளி இருக்கோம்ல. கம்பத்து நிழல் எப்ப ரொம்பக் குட்டையாகுதுன்னு நோட்டுல மணி போட்டுக் குறிச்சுட்டே வந்தா நீங்களும் கண்டுபிடிக்கலாம்.

சித்திரை வீதிதான் இருக்கிறதுலயே கஷ்டம். வண்டி வராது, கல்லு பதிச்சு அகலமா சுத்தமா இருக்கு, கோபுரத்தைப் பாக்க அதை விட நல்ல எடம் இல்ல, ஆனா காலைல 9 மணிக்கு மேல அங்க வெறுங்காலோட நிக்க முடியாது, ஓட்டமும் நடையுமாத்தான் போவாங்க எல்லாரும். கோயிலுக்குள்ள 2018 தீ விபத்துக்கு அப்புறம் செல்போன் கொண்டு போக முடியாதுங்கிறதால வெளில நின்னு போட்டோ எடுக்கிற கூட்டம் ஜாஸ்தி, பத்து செகண்ட்ல எடுத்துட்டு நிழலுக்கு ஓடிருவாங்க, அவங்களுக்கு இது பிரச்சனையே இல்ல. வரையிறவளுக்கு அரை மணி நேரமாவது வேணுமே. தெற்கு கோபுரத்தை வரைய நான் விடியக்காலம் 6 மணிக்குப் போனேன். கோபுரம் வரையப் போறவங்களுக்கு ஒரு விசயம் சொல்றேன், பொம்மையை எண்ணாதீங்க, பைத்தியம் பிடிச்சிரும். மொதல்ல ஓரத்தைப் பாருங்க, தெற்கு கோபுரத்தோட ஓரம் நேர்கோடு கிடையாது, கீழேர்ந்து மேல போகப் போக லேசா உள்வாங்கி வளையும், அந்த வளைவு சரியா வந்துருச்சுன்னா உள்ள வெறும் கிறுக்கலா போட்டாக்கூட மதுரைக்காரங்க தெற்கு கோபுரம்னு சொல்லிருவாங்க. அப்புறம் ஒவ்வொரு நிலைக்கும் அடியில விழுற இருட்டைப் போடுங்க. அவ்ளோதான், பொம்மையெல்லாம் தானா வந்துரும்.

அக்னி நட்சத்திரத்துல வாட்டர் கலர் பண்றது தனிக் கொடுமை. பிரஷ்ஷை வண்ணத்துல தொட்டு எடுத்து அடுத்த கோடு இழுக்குறதுக்குள்ள மொத இழுத்தது காஞ்சு ஓரம் கட்டிரும், வானத்தை ஒரே இழுப்புல பரப்பலாம்னு பாத்தா வரி வரியா நிக்கும். பேப்பரை ரெண்டு பக்கமும் தண்ணி தொட்டு ஈரமாக்கிட்டுத்தான் ஆரம்பிக்கவே முடியும். ஐப்பசில அப்படியே தலைகீழ், போட்ட வானம் கால் மணி நேரமானாலும் காயாது, ஒரு நாள் காயட்டும்னு பைக்கு சீட்டுல வச்சிருந்தேன், அடுத்த மழையே வந்துருச்சு.

சித்திரைத் திருவிழாவுக்கு வர்றேன். அழகர் ஆத்துல எறங்குன அன்னைக்குக் கூட்டத்துல நின்னுட்டேதான் வரைஞ்சேன், தண்ணி பீய்ச்சுறவங்க தோப்பறையோட, அதான் தண்ணி ரொப்புற தோல் பையோட நிக்கிறாங்க, மேல படாம இருக்கவே முடியாது, வாட்டர்ப்ரூஃப் இங்க்குங்கிறதால கோடு தப்பிச்சுச்சு. ஆனா அந்த நாலஞ்சு நாள் படத்தையெல்லாம் சேத்துப் பாத்தா வேற ஒண்ணு தெரியுது சார். அந்த நாள்ல மட்டும் நான் எங்க வேணா உட்காந்திருக்கேன்! தல்லாகுளம், ஆத்தங்கரை, வண்டியூர்னு போன பக்கமெல்லாம் பந்தல், கொட்டகை, மோர்ப்பந்தல், தரைல விரிப்பு, யாரு எவருன்னு கேக்காம உட்காருங்கன்னு சொல்றாங்க, பானகம் குடுக்குறாங்க, விசிறி குடுக்குறாங்க. அழகர் வர்ற வழி நெடுக நூத்துக்கணக்குல மண்டகப்படி, சாமிக்கு வெயில் படக்கூடாதுன்னு ஊரே யோசிச்சுப் பண்ணுது. நிழல் எப்படிப் போடணும், எவ்ளோ ஒசரத்துல போடணும், காத்து எந்தப் பக்கம் வரணும்னு இந்த ஊர்ல தெரியாத ஆளே இல்ல. அழகர் மலைக்குத் திரும்புனதும் பந்தலைப் பிரிச்சுருவோம், வெயில் மட்டும் அப்புறம் மூணு மாசம் இருக்கும்.

முன்னாடி இப்படி இல்ல. 1689ல ஆட்சிக்கு வந்த ராணி மங்கம்மா சாலை ஓரம் மரம் வச்சது, சத்திரம் கட்டுனதெல்லாம் நம்ம பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். புதுமண்டபத்தைத் திருமலை நாயக்கர் கட்டுனதே வசந்த உற்சவத்துக்குத்தான், வைகாசி வெயில்ல சாமி குளுமையா இருக்கணும்னு சுத்தி தண்ணி விட்டு நிறுத்துற மாதிரிப் பள்ளம் விட்டுக் கட்டியிருக்காங்க. அப்புறம் ரொம்ப வருஷமா அதுக்குள்ள டெய்லர் கடை, பாத்திரக் கடை, புத்தகக் கடை எல்லாம் இருந்துச்சு, எங்க வீட்டுல எல்லாருக்கும் அங்க தச்ச துணி இருக்கு. இப்ப கடைங்க எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிடுச்சு, சிற்பத்துக்கு அது நல்லதுதான், நான் குறை சொல்லல. ஆனா முந்தி துணி தைக்கக் குடுத்துட்டு அந்தக் கல்லு மேல அரை மணி நேரம் உட்காந்திருப்போம்ல, கோயிலைச் சுத்தி அப்படி இலவசமா உட்கார்ற எடம் ஒண்ணு கொறஞ்சு போச்சு, அதுக்குப் பதிலா இன்னொண்ணு வரல.

ஆம்பளைங்களுக்கு டீக்கடை பெஞ்ச் இருக்கு. ஒரு டீ சொன்னா அரை நாள் உட்காரலாம், எனக்குத் தெரிஞ்சு படம் வரையிற பசங்க பாதிப் பேர் டீக்கடையிலதான் வரையிறாங்க, அவங்க படத்துலயெல்லாம் ஓரமா பன் தொங்கும். நான் போயி அந்த பெஞ்ச்ல உட்காந்தா யாரும் வாயைத் தொறந்து எதுவும் சொல்றதில்ல, ஆனா மொத்தப் பேச்சும் நின்னுபோயிரும், டீ மாஸ்டர் அண்ணன் உள்ளேர்ந்து ஒரு சேரைக் கொண்டாந்து தனியா போட்டு “இங்கிட்டு உட்காருங்கக்கா”ம்பாரு, மரியாதைதான், ஆனா அந்த சேர் வெயில்ல இருக்கும். பெரிய கடைங்களுக்குள்ள ஏசி இருக்கு, வாங்காம உட்கார முடியாது. ஒரு பூங்கால பெஞ்ச்ல உட்காந்து மரத்தை வரைஞ்சிட்டிருந்தேன், காவலுக்கு இருந்தவர் வந்து படம் வரைய பர்மிஷன் இருக்கான்னு கேட்டாரு, போட்டோ எடுத்தா கேக்க மாட்டீங்களேன்னேன், அது வேற இது வேறன்னுட்டாரு. என்ன வேறங்கிறது எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல, அவரும் பாவம் டியூட்டிதான பாக்குறாரு.

பஸ் ஸ்டாப்பைப் பத்தி எழுதியே ஆகணும். ஒரு ஸ்டாப்பை பங்குனில சாயங்காலம் 3 மணிக்கு ரோட்டுக்கு எதுத்தாப்லேர்ந்து வரைஞ்சேன். வரையிறப்ப ஆளுங்களை அவங்க நின்ன எடத்துல அப்படியே வச்சுட்டுப் போயிட்டேன், நோட்டைப் பரப்புனப்பதான் கவனிச்சேன், நிழற்குடைக்குள்ள ஒருத்தரும் இல்ல. கூரை ரொம்ப ஒசரம், அகலமும் கம்மி, அந்த நேரத்துக்கு சூரியன் மேற்கால சாஞ்சதும் நிழல் சீட்டு மேல விழாம பின்னாடி தள்ளி சாக்கடை மூடி மேல விழுது. ஸ்டீல் சீட்டு தொட முடியாத சூடு, அதுவும் முன்பக்கம் சரிவா வேற இருக்கு, உட்காந்தா வழுக்கும். ஜனங்க எங்க நிக்கிறாங்கன்னா, நாலு பேர் சாக்கடை மூடி மேல, மிச்சப் பேர் லைட்டுக் கம்பத்து நிழல்ல ஒருத்தருக்குப் பின்னாடி ஒருத்தரா, கம்பத்து அகலத்துக்கு, ரேஷன் கடை க்யூ மாதிரி. நடுவுல ஒரு அம்மா பிள்ளையோட தலையை மட்டும் நிழலுக்குள்ள வர்ற மாதிரி சாச்சுப் பிடிச்சிருக்காங்க. எல்லாம் பென்சில்ல போட்ட சின்னச் சின்ன உருவம்தான், ஆனா நெழலு எப்படி ஓடுதுன்னு அந்த வரிசையைப் பாத்தே தெரிஞ்சுக்கலாம்.

நல்ல எடமே இல்லன்னு சொல்லிடாதீங்க, இருக்கு. கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்துல அய்யனார் கோயில் பக்கம் ஆலமரம், தாமரைக் குளம், அங்க போயி உட்காந்தா எந்திரிக்கவே மனசு வராது. மேல ஏறுனா ஆயிரம் வருஷத்துக்கு முந்துன தீர்த்தங்கரர் சிற்பம் இருக்கு, அதுக்குக் கீழ வட்டெழுத்து வெட்டி வச்சிருக்கான், ஆனா பாறை கொதிக்கும், மேல போறவங்க விடியக்காலமே போயிருங்க. தமுக்கம் பக்கம் காந்தி மியூசியத்து மரத்தடி அருமை. மாரியம்மன் தெப்பக்குளம் சாயங்காலத்துக்கு மேலதான், ஆனா அந்தச் சுத்துச்சுவர்ல உட்காந்து நடு மண்டபத்தை வரையிறதுக்கு ஈடு கிடையாது. முன்னாடி வறண்டு கெடந்தப்ப உள்ள பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க, இப்ப வைகைத் தண்ணி வந்து நிக்குது, மண்டபத்தோட பிம்பத்தையும் சேத்து வரைய வேண்டியிருக்கு. ஒரு வேலைக்கு ரெண்டு வேலை, சந்தோசம்தான். திருமலை நாயக்கர் மஹால்லயும் தூணுக்குத் தூண் நிழல் இருக்கு, டிக்கெட் எடுக்கணும். அந்தத் தூணுக்குப் பக்கத்துல ஒரு ஆளை வரைஞ்சு காட்டலைன்னா தூண் எவ்ளோ பெருசுன்னு பாக்குறவங்களுக்குத் தெரியவே தெரியாது, அதனால அங்க போனா மொதல்ல ஆளைப் போடுங்க.

ஆடி, ஆவணி, புரட்டாசிப் படமெல்லாம் பத்தி எழுதுனா நீங்க பக்கம் பத்தாதும்பீங்க, விளாச்சேரில கொலு பொம்மைக்கு வர்ணம் அடிக்கிறதை வரைஞ்சதை மட்டும் சொல்றேன், அங்க வீட்டு வாசத் திண்ணையிலயே உட்கார வச்சு மோர் குடுத்து, நான் பொம்மையை வரைய அவங்க என் வாட்டர் கலர் டப்பாவைப் பாத்து இத்துணூண்டு வர்ணத்துல என்னத்தா பண்ணுவன்னு சிரிச்சாங்க. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல ஒரு வயசான அம்மா, “ஏத்தா என்னையவா வரையிற, இரு இரு முந்தானையச் சரி பண்ணிக்கிறேன்”னு சொல்லிட்டு அஞ்சு நிமிசம் அசையாம உட்காந்தாங்க, பூ வாங்க வந்தவங்களைக்கூட கண்ணாலயே இருங்கன்னு நிறுத்தி வச்சாங்க. படத்தைப் பாத்துட்டு மூக்குத்தி எங்கன்னு கேட்டாங்க, போட்டுக் குடுத்தேன்.

சரி, விசயத்துக்கு வர்றேன், ஊர் நிர்வாகத்தைப் பாக்குறவங்ககிட்ட நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. கோடைல சிக்னல்ல பச்சை வலை கட்டுறாங்க, நல்ல காரியம், பைக்குல நிக்கிறவங்களுக்கு ரெண்டு நிமிசம் நிம்மதி. அதே வலையை நடந்து போறவங்களுக்கும், பஸ்ஸுக்கு நிக்கிறவங்களுக்கும் கட்டுங்க, அவங்கதான் அதிக நேரம் நிக்கிறாங்க. நிழற்குடை போடுறவங்க ஒரே ஒரு தடவை பங்குனி மாசம் மதியம் 3 மணிக்கு அந்த எடத்துல போயி நின்னு நிழல் எங்க விழுதுன்னு பாத்துட்டுக் கூரையோட ஒசரத்தையும் சாய்வையும் முடிவு பண்ணுங்க. ஸ்டீல் சீட்டு வேணாம், பழைய மாதிரி கல்லு பெஞ்ச் போதும். நிழல்ல கெடக்குற கல்லு சுடாது. இருக்கிற வேப்பமரம், புங்க மரத்துக்கெல்லாம் அடிமரம் வரைக்கும் சிமெண்டைப் பூசி மூடாதீங்க. மேலமாசி வீதிப் பக்கம் ஒரு மரத்தை ஆடில ஒரு தடவை, தைல ஒரு தடவை வரைஞ்சேன், தைல வரைஞ்சதுல சிமெண்ட் வந்திருக்கு, ஒரு கிளை மொட்டையா நிக்குது. சிமெண்டாலதான் அப்படி ஆச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா வேருக்குத் தண்ணி போக ஒரு முழமாவது மண்ணு விட்டா என்ன கொறஞ்சு போகுது. திருவிழாப் பந்தல்காரங்களைக் கூப்புட்டு சித்திரை வீதில அங்கங்க நாலு பந்தல் சித்திரைலேர்ந்து ஆடி வரைக்கும் நிக்கிற மாதிரி போடச் சொன்னா, கோயிலுக்கு வர்ற வயசானவங்க உங்களைக் கும்புடுவாங்க. வரையிறவங்களுக்காகக் கேக்கல சார், நாங்க எப்படியும் லாரிக்கு மறைவுல உட்காந்துக்குவோம்.

உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கணும். ஞாயித்துக்கிழமை இணைப்புல வாசகர் வரைஞ்ச படத்துக்குன்னு ஒரு சின்னக் கட்டம் விடலாமே, எடத்துலயே உட்காந்து வரைஞ்சது மட்டும், கீழ எடம், தேதி, மணி போட்டு அனுப்பணும்னு ஒரு கண்டிஷன் வையுங்க. போட்டோக்குப் பத்தி பத்தியா எடம் குடுக்குறீங்க, இதுக்கு ஒரு மூலை போதும். நம்ம ஊர்ல யார் யாரு எங்கெங்க உட்காந்து வரையிறாங்கன்னு தெரிஞ்சா எனக்கும் புது நிழல் நாலு கிடைக்கும்.

இதோட பஸ் ஸ்டாப் படத்தையும், தெற்கு மாசி வீதில மார்கழி, வைகாசி ரெண்டுலயும் வரைஞ்ச படத்தையும் ஸ்கேன் பண்ணி வச்சிருக்கேன். மூணையும் போட எடமில்லன்னா பஸ் ஸ்டாப்பை மட்டும் போடுங்க, கருப்பு வெள்ளைல போட்டாலும் தெளிவா தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செல்லூர், மதுரை.